எவ்வளவு விசுவாசித்தால் போதும்? – வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களைப் பிரித்தபோது, ஊர் வேறாக இருந்தாலும் கேள்வி ஒன்றாகவே இருந்தது: நான் செய்ய வேண்டியது எதுவரை, தேவன் செய்வது எங்கிருந்து? ஐந்து கடிதங்களை எடுத்துக்கொண்டோம். எழுதியவர்களின் பெயரைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: ஞானஸ்நானம் எடுத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது ஐயா. காலை நாலரைக்கு எழுந்து ஜெபிக்கிறேன். தினமும் மூன்று அதிகாரம் வாசிக்கிறேன். வெள்ளிதோறும் உபவாசம், மாதம் ஒரு முழு இரவு ஜெபம். தசமபாகம் தவறியதில்லை. ஆனாலும் சமாதானம் இல்லை. ஒரு நாள் எழுந்திருக்காமல் தூங்கிவிட்டால் அன்று முழுக்கப் பயம். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால்கூட, நான் விட்ட ஜெபம்தான் காரணமோ என்று மனசு அடித்துக்கொள்கிறது. இன்னும் என்ன செய்ய வேண்டும்? – கும்பகோணம் சகோதரி

பதில்: அன்புச் சகோதரி, இன்னும் எதையும் சேர்க்காதீர்கள். நீங்கள் எழுதிய பட்டியலில் தவறான காரியம் ஒன்றுகூட இல்லை. அந்தப் பட்டியல் உங்கள் மனதில் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதில்தான் சிக்கல்.

பவுல் தீமோத்தேயுவுக்கு விருத்தசேதனம் செய்வித்தார் (அப்போஸ்தலர் 16:3). அதே பவுல், தீத்துவுக்கு அதைச் செய்யும்படி வற்புறுத்தியபோது ஒரு நாழிகைகூட இணங்கவில்லை (கலாத்தியர் 2:3-5). சடங்கு ஒன்றுதான். தீமோத்தேயுவின் விஷயத்தில் அது யூதரிடம் போய்ச் சுவிசேஷம் சொல்ல உதவும் ஒரு வசதி. தீத்துவின் விஷயத்தில் அது தேவனிடம் ஏற்றுக்கொள்ளப்படக் கொடுக்க வேண்டிய விலையாகக் கேட்கப்பட்டது. விலையாகக் கேட்கப்பட்ட அந்த நொடியில் பவுல் மறுத்துவிட்டார். உங்கள் நாலரை மணி ஜெபமும் அப்படித்தான். அது தகப்பனோடு பேசும் நேரமாக இருந்தால் ஆசீர்வாதம். தகப்பன் உங்களைத் தள்ளிவிடாமல் இருக்கக் கட்டும் தொகையாக மாறியிருந்தால், அதே ஜெபம் உங்களை வாட்டும்.

இரண்டில் எது என்று கண்டுபிடிக்க, ஜெபத்தைத் தவறவிட்ட நாளில் உள்ளே என்ன நடக்கிறது என்று பாருங்கள். அம்மா வீட்டுக்குப் போக முடியாமல் போனதே என்பது போன்ற வருத்தம் என்றால் நல்லது. மகளிர் குழுக் கடன் தவணை கட்டாத வாரத்தில் வாசலில் ஆள் நிற்பார்களே என்பது போன்ற பயம் என்றால், ஜெபம் தவணையாகிவிட்டது. உங்கள் கடிதத்தில் தெரிவது இந்த இரண்டாவது பயம். கலாத்தியா சபையாருக்கு நேர்ந்ததும் இதுதான். ஆவியினாலே ஆரம்பம்பண்ணிவிட்டு, மாம்சத்தினாலே முடிவுபெறப் பார்த்தார்கள் (3:3). நாட்களையும் மாதங்களையும் கணக்குப் பார்த்து ஆசரித்தார்கள் (4:10).

பிள்ளையின் காய்ச்சலைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறோம். பிறவிக் குருடனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டார்கள். இவனும் அல்ல, இவனைப் பெற்றவர்களும் அல்ல என்றார் இயேசு (யோவான் 9:3). காய்ச்சலுக்கு மருத்துவரிடம் காட்டுங்கள். உங்கள் ஜெப நோட்டில் காரணம் தேட வேண்டாம்.

இனி நான்கு வாரத்துக்கு இப்படிச் செய்து பாருங்கள்.

தினம் மூன்று அதிகாரம் என்பதை நிறுத்திவிட்டு, கலாத்தியர் நிருபத்தை மட்டும் எடுங்கள். ஆறு அதிகாரம், 149 வசனங்கள். முதல் நாள் ஒரே மூச்சில் சத்தமாக வாசியுங்கள். அரை மணி நேரம் கூட ஆகாது. பிறகு நாளுக்கு ஓர் அதிகாரம். கையில் பென்சில் வைத்துக்கொண்டு, கிறிஸ்து செய்தது என்று வரும் வினைச்சொற்களை மட்டும் கோடிடுங்கள்: ஒப்புக்கொடுத்தார், மீட்டுக்கொண்டார், அன்புகூர்ந்தார். நாம் செய்ய வேண்டியது என்று கட்டளையாக வரும் வினைகள் பெரும்பாலும் ஐந்து, ஆறாம் அதிகாரங்களில்தான் குவிகின்றன. முதல் நான்கு அதிகாரங்களும் பெரும்பாலும் ஏற்கெனவே செய்து முடிக்கப்பட்டதைப் பற்றியவை. வரிசையைக் கவனியுங்கள். உங்கள் நாள் அந்த வரிசையைத் தலைகீழாக்கி ஓடுகிறது.

ஜெபத்திலும் வரிசையை மாற்றுங்கள். பலர் முதலில் பாவ அறிக்கையைத் தொடங்கி, அதிலேயே பாதி நேரத்தைச் செலவழித்து, விண்ணப்பங்களை அவசரமாக அடுக்கி, நேரம் மீந்தால் ஸ்தோத்திரம் சொல்கிறார்கள். முதல் ஐந்து நிமிடம் சிலுவையில் முடிந்ததற்காக நன்றி மட்டும் சொல்லுங்கள். பிறகு அறிக்கை. நேற்று மாமியாரிடம் சொன்ன அந்த ஒரு வார்த்தை, கடையில் சொன்ன அந்த ஒரு பொய் என்று பெயர் சொல்லி அறிக்கையிடுங்கள். ஒரு முறை சொன்னால் போதும். அறிக்கையிட்ட பாவங்களை அவர் மன்னிக்கிறார் என்று 1 யோவான் 1:9 இருக்கும்போது, நேற்று அறிக்கையிட்டதை இன்று மறுபடி கொண்டுவர வேண்டியதில்லை. ஆவியானவர் உணர்த்தும்போது குற்றம் குறிப்பாகத் தெரியும், திரும்பும் வழியும் தெரியும். 'நீ சரியில்லை, நீ எப்போதுமே இப்படித்தான்' என்று பெயரே இல்லாமல் வரும் குற்ற உணர்வுக்கு அறிக்கை மருந்தாகாது. கிறிஸ்துவுக்குள் இருப்பவர்களுக்கு ஆக்கினைத்தீர்ப்பில்லை என்ற ரோமர் 8:1-ஐ அதற்குச் சொல்லுங்கள்.

பாக்கி வைத்து வாசிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். வேதாகமத்தில் 1189 அதிகாரங்கள். ஒரு வருஷத்தில் முடிக்க நாளுக்கு மூன்றேகால் வேண்டும். காய்ச்சலில் பத்து நாள் விட்டால் முப்பதுக்கு மேல் பாக்கி விழும். அந்தப் பாக்கியைப் பார்த்துத்தான் பலர் பிப்ரவரியில் லேவியராகமத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். தவறவிட்ட நாள் போய்விட்டது. இன்றைய பகுதியிலிருந்து தொடருங்கள்.

உபவாசத்தை இந்த நான்கு வாரமும் நிறுத்திவையுங்கள். சிலருக்கு இந்த ஆலோசனை பிடிக்காது என்று தெரியும், தெரிந்தே சொல்கிறோம். வெள்ளிக்கிழமை மதியம் நன்றி சொல்லிச் சாப்பிடுங்கள். முதல் வாரம் சமாளித்துவிடுவீர்கள்; இரண்டாவது வெள்ளியில் பயம் அதிகமாகலாம். அதைக் கண்டு கலங்க வேண்டாம். உபவாசம் இதுவரை மூடி வைத்திருந்த பயம் வெளியே வருகிறது, அவ்வளவுதான். தேவகுமாரன் என்னில் அன்புகூர்ந்து எனக்காகத் தம்மைத்தாமே ஒப்புக்கொடுத்தார் என்ற கலாத்தியர் 2:20-ஐ வாய்விட்டுச் சொல்லி, இலையில் கை வையுங்கள். நான்கு வாரம் கழித்து ஒரு வேளை உபவாசத்தோடு மறுபடி தொடங்கலாம். அந்த வேளைச் சாப்பாட்டைப் பசியாக இருக்கும் ஒருவருக்குக் கொடுங்கள். ஏசாயா 58:7 உபவாசத்தை அப்படித்தான் விவரிக்கிறது.

இவ்வளவு செய்தும் பயம் தூக்கத்தைக் கெடுக்கிறது, ஒரே ஜெபத்தைச் 'சரியாகச்' சொன்னோமா என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கிறது என்றால், அது மருத்துவம் தேவைப்படும் மனப்பதற்றமாக இருக்கலாம். பக்தியின் வேஷத்தில் வருவதால் பலர் அதைக் கண்டுகொள்வதில்லை. தஞ்சாவூர், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. அங்கே போவதால் விசுவாசம் குறைந்துவிடாது.

கேள்வி: கடைமடையில் மூன்று ஏக்கர். சம்பா நேரடி விதைப்பு. பயிர்க் காப்பீடு செய்யப்போகிறேன் என்றதும், 'கர்த்தரை நம்புகிறவனுக்குக் காப்பீடு எதற்கு' என்று சபையில் ஒருவர் கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. – திருத்துறைப்பூண்டி விவசாயி

பதில்: காப்பீடு செய்யுங்கள் ஐயா. எருசலேமின் மதிலைக் கட்டும்போது எதிரிகள் சுற்றி நிற்க, நெகேமியா ஜெபமும் பண்ணினார், ஜாமக்காரரையும் வைத்தார் (நெகேமியா 4:9). ஜெபித்தபின் காவல் வைத்தது அவருடைய விசுவாசத்துக்குக் குறையாக அங்கே எழுதப்படவில்லை.

மாற்கு 4:26-29-இல் வரும் உவமை உங்களுக்காகவே சொன்னது போல இருக்கிறது. ஒருவன் விதைக்கிறான், இராவில் தூங்கிப் பகலில் எழுந்திருக்கிறான், விதை முளைத்து வளர்கிறது, எப்படி என்று அவனுக்குத் தெரியாது. நிலம் முளையையும் கதிரையும் நிறைந்த தானியத்தையும் 'தானாய்' கொடுக்கும். ஏக்கருக்கு முப்பது கிலோ விதைப்பது உங்கள் கை. புழுதியில் விழுந்த விதைக்குள் உயிர் விழிப்பது உங்கள் கையில் இல்லை. அதற்காக விதைக்காமல் இருப்பதும் இல்லை. பயிர் விளைந்ததும் அரிவாளை எடுக்காமல் இருப்பதும் இல்லை.

நம் பக்கத்துப் பேச்சிலேயே சொல்வோம். வாய்க்காலைத் தூர் வாரினால்தான் கடைமடைக்குத் தண்ணீர் ஏறும். ஆனால் தூர் வாரினதற்குக் கூலியாகத் தண்ணீர் வருவதில்லை. அது மேட்டூரிலிருந்து வருகிறது. ஜெபம், வேதவாசிப்பு, சபை கூடிவருதல், உழைப்பு எல்லாம் தூர் வாருவதுதான். ஓர் இடத்தில் இந்த ஒப்புமை உதவாது. மேட்டூரில் முழு மட்டம் 120 அடி. நீர்மட்டம் போதாத வருஷங்களில் ஜூன் 12 வந்தும் மதகு திறக்க மாட்டார்கள். கிருபைக்கு அப்படி மட்டம் பார்க்கும் கணக்கு இல்லை. இன்னும் ஒன்று, தூர் வார மண்வெட்டியைத் தூக்கும் மனசையும் கொடுக்கிறவர் அவரே (பிலிப்பியர் 2:13).

காப்பீட்டுக்கு வருவோம். ராபி பருவ உணவுப் பயிர் என்ற கணக்கில் சம்பாவுக்கு விவசாயி கட்ட வேண்டியது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். வழக்கமாக நவம்பர் 15-ஐக் கடைசி நாளாக வைப்பார்கள். அந்தந்த வருஷத்து அறிவிப்பை வேளாண்மை உதவி அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சிட்டா, கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கல், ஆதார், வங்கிப் பாஸ்புத்தகத்தின் முதல் பக்கம் ஆகியவற்றோடு கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ பொதுச் சேவை மையத்திலோ பதியலாம். பணம் கிடைக்காமல் போவது பெரும்பாலும் சின்னப் பிழையால்தான்: புல எண்ணில் உட்பிரிவு விடுபட்டிருக்கும், வருவாய் கிராமத்தின் பெயர் மாறியிருக்கும், வங்கிக் கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் தவறியிருக்கும். ரசீதை வாங்கிய இடத்திலேயே இந்த மூன்றையும் சரிபாருங்கள்.

பெரும்பாலும் கிராமத்தின் சராசரி விளைச்சலை வைத்தே இழப்பீடு கணக்கிடப்படுகிறது. ஊர் தப்பி உங்கள் வயல் மட்டும் பொய்த்தால் எதிர்பார்த்த தொகை வராமலும் போகலாம். ஆகவே காப்பீட்டை வாங்குங்கள், அதன்மேல் உயிரை வைக்காதீர்கள். 2018 நவம்பர் 16 விடியுமுன் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது, ஜெபிக்கிற வீட்டுத் தென்னையும் விழுந்தது, ஜெபிக்காத வீட்டுத் தென்னையும் விழுந்தது. நீதியுள்ளவர்கள்மேலும் அநீதியுள்ளவர்கள்மேலும் மழை பெய்யப்பண்ணுகிறவர் என்றுதான் மத்தேயு 5:45 சொல்கிறது. அப்போது மரத்தை இழந்தவர்களைப் பார்த்து 'விசுவாசக் குறைவு' என்று சொன்னவர்கள் பெரிய காயத்தை உண்டாக்கினார்கள். வயல் தானியம் தராமற்போனாலும் கர்த்தருக்குள் மகிழ்வேன் என்ற ஆபகூக்கின் ஜெபம் (3:17-18) விளைச்சலுக்கு உத்தரவாதம் கேட்கவில்லை. உங்கள் சபை நண்பருக்கு அந்த வசனங்களை வாசித்துக் காட்டுங்கள்.

கேள்வி: கல்யாணமாகி ஏழு வருஷம். பிள்ளை இல்லை. போகிற கூட்டத்தில் எல்லாம் 'இன்னும் விசுவாசியுங்கள்' என்கிறார்கள். எவ்வளவு விசுவாசித்தால் போதும்? சிகிச்சைக்குப் போனால் அது ஆகாரின் வழி ஆகிவிடும் என்கிறார் ஒரு அக்கா. – மயிலாடுதுறை வாசகி

பதில்: அம்மா, 'எவ்வளவு' என்ற கேள்வியைச் சீஷர்களே கேட்டார்கள், எங்கள் விசுவாசத்தை வர்த்திக்கப்பண்ணும் என்றார்கள். இயேசு கடுகு விதையைக் காட்டினார் (லூக்கா 17:5-6). அளவு முக்கியம் என்றால் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத விதையையா காட்டுவார்? விசுவாசத்தை அளந்து பார்க்கத் தொடங்கினால், பார்வை தேவனை விட்டு நம்மேலேயே திரும்பிவிடும். அப்போது விசுவாசமும் நாம் செய்து காட்ட வேண்டிய இன்னொரு வேலையாகிவிடும். 'விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்' என்று அழுத தகப்பனுக்கு அந்தப் பாதி விசுவாசத்தோடேயே பதில் கிடைத்தது (மாற்கு 9:24).

பிள்ளையின்மை விசுவாசக் குறைவின் அடையாளம் என்று சொல்கிறவர்களுக்கு லூக்கா 1:6-7 போதும். சகரியாவும் எலிசபெத்தும் தேவனுக்கு முன்பாக நீதியுள்ளவர்கள், குற்றமற்றவர்கள், அவர்களுக்குப் பிள்ளையில்லை. ஒரே மூச்சில் இரண்டும் எழுதப்பட்டிருக்கிறது.

ஆகார் விஷயம் வேறு. ஆபிராம் வாக்குத்தத்தத்தோடு புறப்பட்டபோது வயது 75. கானானில் பத்து வருஷம் காத்திருந்த பிறகு மனைவி சாராய், பிள்ளைக்காகத் தன் அடிமைப்பெண் ஆகாரை அவருக்குக் கொடுத்தாள். இஸ்மவேல் பிறந்தபோது அவருக்கு 86. அடுத்து தேவன் பேசியதாக எழுதியிருப்பது 99-ஆம் வயதில். பதின்மூன்று வருஷ இடைவெளி. தேவன் சொன்னதை நிறைவேற்ற அவர்கள் எடுத்த குறுக்குவழியில் ஓர் ஏழைப் பெண் நசுங்கினாள். சரீரத்தில் உள்ள ஒரு குறையை மருத்துவர் கண்டுபிடித்துச் சரிசெய்வது அந்த வகை அல்ல.

ஒரு வருஷம் முயன்றும் கருத்தரிக்காவிட்டால் பரிசோதனைக்குப் போகலாம். பெண்ணுக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதத்திலேயே போக வேண்டும். இருவரும் சேர்ந்து போங்கள். நம் ஊர்களில் மனைவியை மட்டும் வருஷக்கணக்கில் அலைக்கழித்த பிறகுதான் கணவருக்கு விந்தணுப் பரிசோதனை செய்கிறார்கள். எளிய பரிசோதனை அது. 2 முதல் 7 நாள் உறவைத் தவிர்த்துவிட்டுச் செய்வது. முதல் வாரத்திலேயே முடித்துவிடலாம். செயற்கைக் கருத்தரிப்பு வரை போகும் நிலை வந்தால், எத்தனை முறை, எவ்வளவு பணம் என்று தொடங்குமுன்பே இருவரும் பேசி எழுதிவையுங்கள். வட்டிக்கு வாங்கிச் செய்வதில்லை என்பதையும் அதில் சேருங்கள். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும், கண்ணீரோடு இருக்கும் நேரத்தில் எடுக்கும் முடிவுதான் குடும்பங்களைக் கடனில் தள்ளுகிறது.

பிள்ளைக்காக அழுது ஜெபித்த அன்னாளின் கதையில் ஒரு சின்ன வாக்கியத்தைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஜெபித்துவிட்டு அவள் போய்ப் புசித்தாள், அப்புறம் அவள் துக்கமுகமாயிருக்கவில்லை (1 சாமுவேல் 1:18). கர்ப்பம் தரிப்பது அதற்குப் பின்னால்தான் வருகிறது. உங்களுக்காக அந்தப் பதினெட்டாம் வசனத்தைக் கேட்டு நாங்களும் ஜெபிக்கிறோம்.

கேள்வி: அப்பாவுக்குச் சர்க்கரை. இன்சுலின் போடுகிறார். ஒரு ஜெபக்கூட்டத்தில் சுகமாகிவிட்டது, ஊசியை நிறுத்து என்றார்களாம். 21 நாள் உபவாசமும் இருக்கப்போகிறேன் என்கிறார். – பட்டுக்கோட்டை வாசகர்

பதில்: நிறுத்த விடாதீர்கள் தம்பி. முதல் வகைச் சர்க்கரை நோயாக இருந்தால், இன்சுலின் நின்ற ஓரிரு நாளிலேயே உயிருக்கு ஆபத்து. இரண்டாம் வகையானாலும் தானாக நிறுத்தக்கூடாது.

அப்பா வசனம் கேட்பார், ஏசாயா 38 காட்டுங்கள். நோயாயிருந்த எசேக்கியா ராஜாவுக்குப் பதினைந்து வருஷம் கூட்டித் தருவதாகத் தேவன் சொன்னது 5-ஆம் வசனம். அதே அதிகாரம் 21-இல் பிளவையின்மேல் அத்திப்பழ அடை வைத்துக் கட்டச் சொல்கிறார் தீர்க்கதரிசி. வாக்குத்தத்தமும் மருந்தும் ஒரே அதிகாரத்தில். நோயில் மருத்துவர்களைத் தேடிய ஆசா ராஜாவைச் சொல்லி மறுப்பார்கள். 2 நாளாகமம் 16:12 குற்றமாகச் சொல்வது அவர் கர்த்தரைத் தேடாததை.

சுகம் கிடைத்தது உண்மையென்றால் ரத்தத்தில் தெரியும். மூன்று மாதச் சராசரி சர்க்கரைப் பரிசோதனை எடுத்துக் காட்டட்டும். மருத்துவரே அளவைக் குறைப்பார். இன்சுலின் போடுகிறவர் மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளைகூட உபவாசிக்கக் கூடாது. வியர்த்து, கை நடுங்கி, சர்க்கரை 70-க்குக் கீழே போனால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடத்தில் மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். உபவாசிக்க ஆசைப்பட்டால் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் 21 நாள் விடட்டும், அந்த நேரத்தை ஜெபத்துக்குக் கொடுக்கட்டும்.

கேள்வி: விசுவாசத்தினாலே நீதிமான் என்று ரோமர் 3:28. விசுவாசத்தினாலே மாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் என்று யாக்கோபு 2:24. வாலிபர் கூட்டத்தில் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டோம். எது சரி? – தரங்கம்பாடி வாசகர்

பதில்: உங்கள் ஊரில் இந்தக் கேள்வி வருவது பொருத்தம்தான். 1706 ஜூலை 9-இல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் அங்கே கரையிறங்கியது சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தரின் போதனையோடு. 1715-இல் அங்கே அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாட்டில் ரோமரும் இருந்தது, யாக்கோபும் இருந்தது. லுத்தரோ 1522-இல் எழுதிய முன்னுரையில் யாக்கோபை 'வைக்கோல் நிருபம்' என்றார். அவரிடம் எவ்வளவோ கற்றுக்கொண்டவர்கள் நாம். ஆனால் அந்த வார்த்தையில் நாங்கள் அவரோடு உடன்படவில்லை.

ஆபிராம் விசுவாசித்தார், அது அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது என்ற ஆதியாகமம் 15:6-ஐத்தான் பவுலும் யாக்கோபும் எடுத்துக் காட்டுகிறார்கள். பவுல் அங்கே நின்று, இது நடந்தது விருத்தசேதனத்துக்கு முன்பா பின்பா என்று கேட்கிறார் (ரோமர் 4:10). விருத்தசேதனம் 17-ஆம் அதிகாரத்தில்தான் வருகிறது. எந்தக் கிரியையும் தொடங்குமுன்பே நீதி எண்ணப்பட்டாயிற்று. யாக்கோபு அங்கிருந்து பல வருஷம் நடந்து 22-ஆம் அதிகாரத்துக்குப் போகிறார். ஈசாக்கு பலிபீடத்தின்மேல் இருக்கிறான். அன்று எண்ணப்பட்ட விசுவாசம் உயிருள்ளது என்று அங்கே தெரிகிறது. வேரைப் பற்றிப் பேசுகிறவரும் கதிரைப் பற்றிப் பேசுகிறவரும் ஒரே பயிரைத்தான் பார்க்கிறார்கள். பவுல் எதிர்ப்பது விலையாகக் கொடுக்கும் கிரியையை. யாக்கோபு எதிர்ப்பது, பிசாசுகளிடமும் இருக்கிற வெறும் ஒப்புதலை (2:19). கிரியைகளினால் அல்ல, கிருபையினாலே இரட்சிப்பு என்ற எபேசியர் 2:8-9-ஐ மனப்பாடமாகச் சொல்கிறவர்கள், நற்கிரியைகளுக்காகவே சிருஷ்டிக்கப்பட்டோம் என்ற பத்தாம் வசனத்தையும் சேர்த்துச் சொன்னால் பாதிச் சண்டை தீரும்.

இன்னொரு தகவல். லுத்தரன் உலகச் சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் 1999 அக்டோபர் 31-இல் ஆக்ஸ்பர்க் நகரில், நீதிமானாக்கப்படுதல் பற்றி ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம் தகுதியினால் அல்ல, கிருபையினாலேயே தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்று இருவரும் சேர்ந்து அறிக்கையிட்டார்கள். ஒரே தெருவில் லுத்தரன் வீடும் வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் போகும் வீடும் இருக்கிற நம் பகுதியில் இது எல்லாருக்கும் தெரிய வேண்டிய செய்தி.

அடுத்த கூட்டத்தில் விவாதம் வேண்டாம். ஆதியாகமம் 15, 17, 22, பிறகு ரோமர் 4, கடைசியாக யாக்கோபு 2 என்று இதே வரிசையில், ஆளுக்கு ஓர் அதிகாரம் சத்தமாக வாசியுங்கள். இருபத்தைந்து நிமிடம் ஆகும். இரண்டு கட்சியிலிருந்தும் மாற்றி மாற்றி ஆட்களை எழுப்பி வாசிக்கச் சொல்லுங்கள்.